குழம்புக்கு ஒயின்: சூப்பர் மார்க்கெட்டா, தெருமுனைக் கடையா?

புதுச்சேரியில் ‘ஒயின் ஷாப்’ என்றால் பெயரில் மட்டும்தான் ஒயின் இருக்கும். பெண்கள் அந்த இடம் வந்தால் தெருவின் எதிர்ப்பக்கமாகப் போய்விடுவோம். அந்தப் பழக்கமோ என்னவோ, பாரிசுக்கு வடக்கே குடியேறி ஆறு வருடமாகியும் எங்கள் தெருமுனையில் இருந்த ஒயின் கடைக்குள் நான் காலெடுத்து வைக்கவில்லை. அரிசி, பால் வாங்கப் போகும் சூப்பர் மார்க்கெட்டிலேயே, குழம்புச் சாப்பாட்டோடு குடிக்க ஒரு பாட்டிலை எடுத்து வண்டியில் போட்டுக்கொள்வோம். இப்போது மூன்று வருடமாகத் தெருமுனைக் கடைதான். என் வீட்டுக்காரர் இன்னும் சூப்பர் மார்க்கெட் கட்சி. அதனால் இந்த வழக்கு எங்கள் வீட்டில் வாராவாரம் நடக்கிறது.

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் 6 யூரோவுக்குக் குடிக்கத்தக்க ஒயின் கிடைக்கும். தெருமுனைக் கடையில் 10, 12 என்று போகும். வண்டி நிறுத்த இடம், ராத்திரி ஒன்பது வரை திறந்திருப்பது எல்லாம் பெரிய கடைக்குச் சாதகம். செப்டம்பர் வந்தால் ஒயின் திருவிழா வேறு. 1973இல் பிரான்சின் மேற்கே உள்ள பிரித்தானிப் பகுதியில் லெக்லேர் என்ற சூப்பர் மார்க்கெட் தொடங்கி வைத்ததாகச் சொல்வார்கள். இப்போது நாடு முழுக்க எல்லாப் பெரிய கடைகளும் நடத்துகின்றன. விளம்பரப் புத்தகம் வந்ததும் வீட்டுக்காரர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவார்.

என்னைக் கட்சி மாற வைத்தது விலையல்ல, பாட்டிலில் ஒட்டியிருக்கும் சீட்டு. பிரெஞ்சு ஒயின் சீட்டு முன்பக்கத்தில் ஊர்ப் பெயரைச் சொல்லும். ருசி என்னவென்று பெரும்பாலும் சொல்லாது. போர்தோ, சினோன், ஃப்ளூரி என்று அலமாரியும் வட்டாரம் வட்டாரமாகத்தான் அடுக்கியிருக்கும். திருப்பிப் பார்த்தால் ‘சிவப்பு இறைச்சி, பாலாடைக்கட்டி’ என்று இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் ‘அயல்நாட்டு உணவு’ என்று ஒரு வார்த்தை. தாய்லாந்து, மொராக்கோ, நம் மீன் குழம்பு எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடக்கம்!

அப்படித்தான் ஒரு பொங்கல் மறுநாள், தங்கப் பதக்கம் ஒட்டிய போர்தோ சிவப்பு ஒயின் ஒன்றை மட்டன் குழம்புக்கு எடுத்து வந்தோம். ‘சிவப்பு இறைச்சி’ என்று போட்டிருந்ததே! முதல் வாய் சோறு, அடுத்து ஒரு மடக்கு ஒயின். நாக்கு வறண்டு, தொண்டை எரிந்து, குழம்பில் ஒரு கசப்பும் ஏறிவிட்டது. நாத்தனார் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, “அண்ணி, எனக்குத் தண்ணியே போதும்” என்றாள்.

காரணம் பிறகுதான் புரிந்தது. திராட்சைத் தோல், விதை, மரப்பீப்பாய் இவற்றிலிருந்து சிவப்பு ஒயினுக்குள் இறங்கும் சாரத்தை இங்கே ‘தனான்’ என்பார்கள். அதை விளக்க பிரெஞ்சுக்காரர்கள் பாடாய்ப் படுவார்கள். நமக்கு ஒரே சொல் போதும்: துவர்ப்பு. பாக்கு மென்றால் கன்னம் உள்ளே இழுக்குமே, அதேதான். போர்தோவில் அது தூக்கலாக இருக்கும். காரத்தோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். போதாததற்கு, மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு முனைகளை ஆல்கஹாலும் சீண்டும். அன்றைய பாட்டிலில் 14 சதவீதம். குழம்பின் மேல் பழி போட்டது அநியாயம்.

அந்த வாரம்தான் முதல் தடவையாகத் தெருமுனைக் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, சிவப்பா வெள்ளையா என்பதல்ல. “என்ன சமைக்கிறீர்கள், மதாம்?” மீன் என்றேன். எப்படி, எதில், புளிப்பு எதிலிருந்து, காரம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே போனார். புளியையும் நல்லெண்ணெயையும் பிரெஞ்சில் விளக்கிவிட்டேன். வடவம் தாளிப்பதைச் சொன்னதும், “ஓ, வதுவான்!” என்று முகம் மலர்ந்தது. நம் வடவம் இந்த நாட்டுச் சமையல்காரர்களிடம் அந்தப் பெயரில்தான் புழங்குகிறது.

சரி, அவர் முதலில் தந்த பாட்டில் ஜெயித்ததா என்றால், இல்லை. அல்சாஸ் பகுதியின் கெவுர்ஸ்த்ரமினர் என்ற வெள்ளை ஒயினைக் கொடுத்தார். மசாலா உணவு என்றாலே எல்லோரும் கைகாட்டுவது அதைத்தான். ரோஜாவும் லிச்சிப் பழமும் கலந்த வாசனை, லேசான இனிப்பு, துவர்ப்பு கிடையாது. ஆனால் அதில் புளிப்பு குறைவு. புளிக்குழம்புக்குப் பக்கத்தில் வைத்ததும் பன்னீர் தெளித்த தண்ணீர் போல ஆகிவிட்டது.

போய்ச் சொன்னேன். முகம் சுளிக்கவில்லை, கவுன்ட்டருக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். அடுத்த முறை வந்தது வூவ்ரே என்ற வெள்ளை ஒயின், தெமி-செக் வகை. லுவார் ஆற்றங்கரையில், தூர் நகருக்குப் பக்கத்தில், ஷெனின் திராட்சையில் செய்வது. தெமி-செக் என்றால் பாதி இனிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்: லிட்டருக்கு 12 கிராம் வரை சர்க்கரை, அமிலம் கூடுதலாக இருந்தால் 18 வரை. ஷெனினுக்கு இயல்பிலேயே நல்ல புளிப்பு. அந்தப் புளிப்பு புளிக்கு ஈடுகொடுத்தது, இனிப்பு மிளகாயைத் தணித்தது. தயிர்ப்பச்சடி செய்கிற வேலையை ஒரு ஒயின் செய்யும் என்று அன்றுதான் பார்த்தேன்.

பெரிய கடையால் இந்த ஒன்றைத்தான் செய்ய முடியாது. அங்கே ஒரு பாட்டில் தப்பாகப் போனால் அந்தத் தப்பு நம்மோடு சரி. அடுத்த வாரமும் அலமாரி அதே அலமாரி. இங்கே என்னுடைய தப்பெல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. மட்டன் குழம்புக்கு அவர் வந்து சேர்ந்தது ஃப்ளூரியில். போஜொலே பகுதி, காமே திராட்சை. பழத்தை நசுக்காமல் குலையோடு போட்டு நொதிக்க வைப்பதால் துவர்ப்பு அதிகம் இறங்காது. “அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்” என்றார். சிவப்பு ஒயினை ஃபிரிட்ஜிலா என்று வீட்டுக்காரர் சிரித்தார். மூன்றாவது கிளாஸுக்குச் சிரிப்பு நின்றது. வறுத்த மீனுக்கு நாந்த் நகரப் பக்கத்து முஸ்கதே என்ற வெள்ளை ஒயின். அதற்கு யோசனையே தேவையில்லை, எலுமிச்சை பிழிந்த மாதிரி.

இன்னொன்று, கெட்ட தக்கை. எப்போதாவது ஒரு பாட்டிலைத் திறந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். தக்கையிலிருந்து வரும் ஒரு வேதிப்பொருளின் வேலை அது. விலை உயர்ந்த பாட்டிலும் தப்பாது. ஒரு பெரிய கடையில் அப்படி ஒன்றைத் திருப்பப் போனேன். ரசீது இல்லை, திறந்த பாட்டில், முடியாது என்றுவிட்டார்கள். தெருமுனையில் முகர்ந்து பார்த்தார், வேறு கொடுத்தார், அவ்வளவுதான். ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிடாமல் பாட்டிலோடு கொண்டுபோக வேண்டும்.

கைபேசிச் செயலியில் நட்சத்திரம் பார்த்து வாங்கலாமே என்று மகன் சொல்வான். ஆயிரம் பேர் போட்ட நட்சத்திரத்தில் புளிக்குழம்போடு குடித்தவர் எத்தனை பேர்?

இருந்தாலும் சூப்பர் மார்க்கெட்டை முழுக்க விடவில்லை. நாத்தனார் மகள் நிச்சயதார்த்தத்துக்கு நாற்பது பேர். அல்சாஸ் க்ரேமான் பெட்டி பெட்டியாக அங்கேதான் வாங்கினோம். பொங்கும் ஒயினை வடை, சமோசாவோடு நின்றுகொண்டே குடிப்பதற்கு யாரிடமும் ஆலோசனை கேட்க வேண்டியதில்லை. ருசி தெரிந்துவிட்ட ஒயினைத் திரும்ப வாங்கும்போதும் நாலு யூரோ கூடுதலாகக் கொடுப்பது எனக்கே உறுத்தும். ஆனால் எங்கள் வூவ்ரே அங்கே வருவதில்லை.

நான் பழகியது ஒரே ஒரு கடையோடு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேள்வி கேட்டால் புருவத்தை உயர்த்துகிற கடைக்காரர்களும் உண்டு என்று தோழிகள் சொல்கிறார்கள். வருடக்கணக்கில் பாட்டிலைப் பாதுகாத்து வைத்துக் குடிக்கும் விஷயத்தில் என் பேச்சை எடுக்க வேண்டாம். எங்கள் வீட்டில் எதுவும் தீபாவளியைத் தாண்டியதில்லை. சைவச் சமையலில் சாம்பாருக்கு இரண்டு முறை முயன்றதோடு சரி, இரண்டும் சுமார். ரசத்துக்கு ரசமே போதும்.

இந்த ஞாயிறு கருவாட்டுக் குழம்பு. கடைக்காரர் அரை நிமிடம் யோசித்தார், நோட்டைப் புரட்டினார். சனிக்கிழமை கொஞ்சம் கொண்டு வாருங்கள், ருசி பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். டப்பாவைக் கடைக்கு வெளியே வைத்துத் திறக்கலாம் என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.