நிர்வாகத் தரப்பா, தொழிலாளர் தரப்பா: இரண்டு பக்கமும் நின்றவனின் கணக்கு

வேலை வழக்குகளில் இறங்க நினைக்கும் ஜூனியர் வழக்கறிஞர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பக்கம் போகலாம்? நான்கு ஆண்டுகள் நிர்வாகத் தரப்பில் இருந்துவிட்டுத் தொழிலாளர் தரப்புக்கு வந்தவன் நான். என் தராசு சாய்ந்துதான் இருக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

நிர்வாகத் தரப்பில் பணம் அதிகம், அதுவும் பெரும்பாலும் மாதாமாதம் வரும். ஆவணங்கள் கோப்பாக அடுக்கப்பட்டே வந்து சேரும். நியமன ஒப்பந்தம் எழுதுவது, உள் விசாரணைக்கு வழி சொல்வது என்று வேலையில் பாதி நீதிமன்றத்துக்கு வெளியேதான். தொழில் பழக நல்ல இடம்.

தொழிலாளி வரும்போது அவர் கையில் இருப்பது பணிநீக்க உத்தரவும் சில வாட்ஸ்அப் செய்திகளும்தான். மற்றதெல்லாம் எதிர்த்தரப்பின் அலமாரியில். இந்த ஏற்றத்தாழ்வு தெரிந்துதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158ஆவது உடன்படிக்கை (1982), பணிநீக்கம் நியாயமற்றது என்று நிரூபிக்கும் சுமையைத் தொழிலாளி மட்டுமே தாங்கக் கூடாது என்கிறது. ஆனால் அதை ஏற்காத நாடுகள் நிறைய. அதனால் முதல் சந்திப்பிலேயே நடந்ததைத் தேதிவாரியாக எழுதித் தரச் சொல்வேன். அந்தத் தாளில்தான் பாதி வழக்கு இருக்கும்.

ஆனால் எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்வது இதெல்லாம் இல்லை, வாய்தாதான். வழக்கு இழுத்தால் நிறுவனத்துக்கு அது இன்னொரு செலவு; அதன் வழக்கறிஞருக்கு வரும்படி. வேலை போனவருக்கோ ஒவ்வொரு வாய்தாவும் சம்பளமில்லாத இன்னும் சில வாரங்கள். பாதி வழியில் கிடைத்த வேலைக்குப் போவார், வந்த தொகைக்குச் சமரசம் பேசச் சொல்வார். தப்பு சொல்ல முடியாது. நம் கட்டணமும் அவரோடுதான் காத்திருக்கும்.

அது எப்படிக் காத்திருக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஜெயித்தால் பங்கு என்பது அமெரிக்காவில் சகஜம். இந்தியாவில் வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேசவே பார் கவுன்சில் விதிகள் இடம் தருவதில்லை. முதல் முறையில் நிச்சயம் ஜெயிக்கும் வழக்கை மட்டும் பொறுக்கும் ஆசை வரும். இரண்டாவதில், வருமானமில்லாத ஒருவரிடம் தவணை கேட்கும் சங்கடம். எது மேல் என்று என்னைக் கேட்காதீர்கள், இரண்டுமே தூக்கத்தைக் கெடுக்கும்.

நான் தாக்குப்பிடித்தது வழக்குகளைக் கலந்து எடுத்ததால். சம்பள பாக்கி போன்ற சின்ன வழக்குகள் கொஞ்சம் சீக்கிரம் முடியும், அலுவலக வாடகை அதில்தான் போகும். தொழிற்சங்கம் அனுப்பும் வழக்கில் கட்டணத்தைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். இவற்றின் நிழலில்தான் நீண்ட பணிநீக்க வழக்குகள் நடக்கின்றன. இன்னொன்று: நிர்வாகத் தரப்பில் ஒரு பெரிய நிறுவனம் வேறு வழக்கறிஞரிடம் போனால் அந்த ஆண்டே ஆட்டம் காணும். தொழிலாளி பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வருவார். ஆனால் உடன் வேலை பார்த்த மூன்று பேரை அனுப்பிவைப்பார்.

அரசு ஊழியர் வழக்குகளிலும் பாகுபாடு தொடர்பான கூட்டு வழக்குகளிலும் எனக்கு அனுபவம் குறைவு. இந்தக் கணக்கு அங்கே பொருந்தாமல் போகலாம்.

ஓரிரு ஆண்டு தாங்கக் கையிருப்பு இல்லையென்றால் நிர்வாகத் தரப்பில் தொடங்குவதில் தப்பில்லை, நானே அப்படி வந்தவன்தான். ஆனால் சேரும்முன் அந்த அலுவலகத்தின் கட்சிக்காரர்கள் யார் யார் என்று பாருங்கள். பழைய கட்சிக்காரரின் ரகசியம் தெரிந்துகொண்டு அவருக்கெதிராகவே அந்த விஷயத்தில் வக்காலத்து போட முடியாது. அப்படி நான் திருப்பி அனுப்பிய தொழிலாளர்கள் ஏழெட்டுப் பேர்.