திருமண நாளுக்கு மலையேற்றம்: மீசைப்புலிமலையா, வெள்ளகவியா?

தை மாதத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு மலையேற்றத்தில் ஒரு வசதி உண்டு. மழை ஓய்ந்திருக்கும், காட்டுத்தீக் காலம் இன்னும் தொடங்கியிருக்காது. மாசியிலோ பங்குனியிலோ திருமண நாள் வருகிறவர்கள் தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பற்றிய தீ இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று விதிகள் வந்தது அதற்குப் பிறகுதான். தீக்காலத்தில் வனத்துறை பாதைகளை மூடினால், கொண்டாட்டத்தைத் தள்ளிவைப்பதே முறை.

எங்கள் பத்தாவது திருமண நாள் தையில் வந்ததால் அந்தக் கவலை இல்லை. மூணாறுக்கு மேலே மீசைப்புலிமலை, கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகவி என்ற மலைக்கிராமம், இந்த இரண்டில் ஒன்று என்று முடிவு செய்தோம். நாங்கள் தேர்ந்தெடுத்தது மீசைப்புலிமலை. இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

செலவைப் பார்த்தால் வெள்ளகவி மலிவு. கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் ஓர் அறை, ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான். மீசைப்புலிமலைக்குக் கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் மூலம் முன்பதிவு செய்ய வேண்டும், கரடுமுரடான பாதையில் ஜீப்பில் போக வேண்டும். கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம்; எடுப்பது சிரமமில்லை. உயரமான இடங்கள் என்பதால் இரண்டிலும் குளிரத்தான் செய்யும். இவை எதுவும் எங்கள் முடிவை மாற்றவில்லை.

மாற்றியது நடையின் அமைப்பு. ஏறிவிட்டு இறங்குவதா, இறங்கிவிட்டு ஏறுவதா என்பதுதான் கேள்வி.

எனக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அவருக்கு இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். நாற்பதை நெருங்கும் பல தம்பதிகளுக்கு இப்படி ஆளுக்கொரு பலவீனம் இருக்கும். வெள்ளகவிக்குப் போகும்போது முதலில் வருவது இறக்கம். வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறை வரை கூட்டம் இருக்கும். அதைத் தாண்டினால் மரவேர்களே படிகளாகி, பாதை செங்குத்தாக விழுகிறது. காலை வேளை, புதுத் தெம்பு, கீழ்நோக்கிய நடை. யாருக்கும் களைப்பே தெரியாது. எவ்வளவு இறங்கினோம் என்ற கணக்கு வெயில் ஏறிய பிறகுதான் புரியும். காலையில் இறங்கியதையெல்லாம் மாலைக்குள் ஏறித் தீர்க்க வேண்டும். நடுவில் முடியவில்லை என்றால் உட்காரலாம், ஆனால் அறை மேலே இருக்கிறது. ஏறாமல் போகவும் வழி உண்டு: அப்படியே பெரியகுளம் பக்கம் கும்பக்கரைக்கு இறங்கிவிடலாம். அது முழுக்க முழுக்க முழங்காலைத் தின்னும் பாதை என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். நான் சில வருடங்களுக்கு முன் தோழிகளோடு ஊர் வரைதான் போயிருக்கிறேன். அதற்குக் கீழே நடந்ததில்லை.

மீசைப்புலிமலையில் இந்தக் கணக்கு தலைகீழ். 2,640 மீட்டர் உயரமுள்ள சிகரம், தென்னிந்தியாவின் மிக உயரமான ஆனைமுடியைவிட 55 மீட்டர்தான் குறைவு. ஆனால் ஜீப்பே பெரும்பகுதி உயரத்தை ஏற்றிவிடுகிறது. ரோடோ மேன்ஷன் என்ற வனக் கழக விடுதியில் இரவு தங்கி, விடிந்ததும் வழிகாட்டியோடு கிளம்பினால், புல்மேடும் சோலைக்காடும் மாறி மாறி வரும். எட்டு மலைகளைத் தாண்டிப் போக வேண்டும் என்பார்கள். முக்கியமான விஷயம் இதுதான்: அந்த எட்டில் எந்த மலையின் தலையில் நின்றாலும் காட்சி முழுமையாகக் கிடைக்கிறது. சிகரத்தைத் தொட்டால்தான் போன காரியம் முடிந்தது என்றில்லை. மூன்றாவது மேட்டிலேயே போதும் என்று தோன்றினால் திரும்பிவிடலாம். குழுவாகப் போயிருந்தால் வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். திரும்பும்போதும் சின்னச் சின்ன ஏற்றங்கள் வரும்தான். ஆனாலும் கடினமான பகுதி காலையிலேயே முடிந்துவிடுகிறது.

கடைசி மேட்டுக்கு முன்னால் எனக்கு மூச்சு முட்டியது. புல்லில் உட்கார்ந்துவிட்டேன். "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றேன். அவர் பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார். வழிகாட்டி கைத்தடியை மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு, அவசரமே இல்லை என்பதுபோல் பனி விலகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்தின் பச்சை முதலில் தெரிந்தது, பிறகு அதற்கும் கீழே தேனிச் சமவெளி. கால் மணி நேரம் கழித்து எழுந்து மூவருமாகவே ஏறினோம். மேலே காற்று தள்ளுகிறது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்வது நல்லது. ரோடோடென்ட்ரான் பூ அப்போதுதான் ஆங்காங்கே சிவக்கத் தொடங்கியிருந்தது. மலையாளத்தில் அதைக் காட்டுப்பூவரசு என்கிறார்கள்.

கொழுக்குமலையிலிருந்தே குறுக்கே ஏறிவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். அந்த வழிக்கு அனுமதி இல்லை.

மூன்றாவதாக ஒன்றும் யோசித்தோம். தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, எளிது, நடுத்தரம், கடினம் என்று தரமும் பிரித்திருக்கிறார்கள். மலைவாழ் மக்களே வழிகாட்டிகளாக வருவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் பெரும்பாலானவை ஒரு நாளுக்குள் முடிகிற நடைகள். எங்களுக்கு மலையிலேயே ஓர் இரவு வேண்டியிருந்தது.

வெள்ளகவியை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். மனிதர்கள் என்று பார்த்தால் மீசைப்புலிமலை அதன் பக்கத்தில் நிற்க முடியாது. வாகனப் பாதை இல்லாத ஊர். சாமான்கள் குதிரை முதுகில் வருகின்றன. ஊரே கோயில் மாதிரி என்பதால் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். காப்பிச் செடிகளுக்கு நடுவே வெறுங்காலோடு நடக்கும்போது ஒரு பாட்டி திண்ணையிலிருந்து "எந்த ஊரு தாயீ?" என்று கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. புல்மேட்டில் அப்படிக் கேட்க ஆளில்லை.

முழங்கால் இருவருக்கும் நன்றாக இருந்தால், அல்லது ஊரிலேயே ஓர் இரவு தங்க இடம் சொல்லிவைக்க முடிந்தால், வெள்ளகவியைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். இரவு தூங்கி எழுந்து, வெயிலுக்கு முன் ஏறத் தொடங்கினால் நான் சொன்ன குறையில் பாதி அடிபட்டுப்போகும். அனுமதி நிலவரத்தைக் கொடைக்கானல் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மீசைப்புலிமலை என்றால் தை மாத வார இறுதிகள் சீக்கிரமே நிரம்பிவிடும். கார்த்திகையிலேயே பதிவு செய்துவிடுங்கள்.