கையால் சாயமிட்ட நூலும் சட்டத்தறியும்: தண்டையார்பேட்டை அனுபவம்

நீளவாக்கு இழைகளை ஏற்றி இறக்கும் நான்கு விழுதுச் சட்டங்கள் கொண்ட, தரைமேல் நிற்கும் 24 அங்குலச் சட்டத்தறி ஒன்று சில ஆண்டுகளாக எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது. பெரும்பாலும் 12 அங்குல அகல ஸ்கார்ஃப் நெய்கிறேன். நூலுக்குச் சாயமும் நானே போடுகிறேன். வட சென்னையில் இதில் இறங்க நினைப்பவர்கள் தறியின் விலையை விசாரிக்கும் முன் இரும்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சாயம் பிடிப்பதற்காகக் கடுக்காய் நீரில் ஊறிய பருத்தி நூலில் இரும்பு பட்டால் கறுத்துவிடும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துத்தான் துணியில் ஓவியம் தீட்டும் கலம்காரிக்காரர்கள் கறுப்பு எடுக்கிறார்கள். அதே வேலையை இங்கே போர்வெல் தண்ணீர் செய்துவிடுகிறது. எங்கள் வீட்டில் ஓர் இரவு வாளியில் நின்றால் அடியில் செம்மஞ்சள் படியும். அதில் அலசினால் கடுக்காய் போட்ட சிட்டத்தின் (நூல் கற்றையின்) வெளிர்மஞ்சள் சாம்பலாகிறது. சாயவேர்ச் சிவப்பு மங்கிப் பழுப்படிக்கிறது. சோழமண்டலக் கரை மணலில் தானே முளைக்கும் செடியின் சிவப்பு அது. கெடவிட மனம் வராது. ஆகவே சாயத்துக்கும் அலசலுக்கும் மெட்ரோ தண்ணீர் மட்டுமே.

அடுத்தது அச்சு, அதாவது பாவின் (நீளவாக்கு இழைகளின்) இடையே சீப்பு போல் நிற்கும் பாகம். தறியோடு வந்தது சாதாரண எஃகு அச்சு. கடற்காற்றும் ஐப்பசி ஈரமும் சேர்ந்தால் அதன் பற்களில் துரு பூக்கும். பாவு ஓரிரு நாள் அசையாமல் நின்றாலே பல் தொட்ட இடமெல்லாம் மெல்லிய கருங்கோடு. எவர்சில்வர் அச்சுக்கு மாறினேன், இழை கோக்கும் கம்பி விழுதுக்குப் பதில் நூல் விழுது கட்டினேன். செலவு அதிகம்தான், ஆனால் தறிக்குச் செய்ததில் இதுவே உருப்படியான செலவு.

அவுரிக்குக் கடுக்காயும் படிகாரமும் வேண்டாம் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நீலம் நூலின் மேற்பரப்பிலேயே அதிகம் தங்கும். தெளிந்த நீர் வரும்வரை அலசாவிட்டால் அச்சு, விழுது, விரல் எல்லாம் நீலமாகிவிடும்.

கைச்சாய நூலை நான் பாவில்தான் போடுகிறேன். சிட்டத்துக்குச் சிட்டம் நிறம் சற்று மாறும். குறுக்கு இழையான ஊடையில் போட்டால் ஒரு தார் (நாடாவில் வைக்கும் நூல்சுருள்) முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் துணியின் குறுக்கே பட்டையாகத் தெரியும். பாவில் இரண்டு சிட்டத்து இழைகளை மாறி மாறிக் கோத்தால் அந்த வேறுபாடு நீளவாக்கில் கலந்து துணிக்கு ஆழம் தருகிறது. இரட்டை இழை 20ஆம் எண் நூல், அங்குலத்துக்கு 32 இழை, 12 அங்குலத்துக்கு மொத்தம் 384. ஊடைக்குச் சாயமிடாத கோரா நூல். வெயில் காலத்திலும் கழுத்தில் உறுத்தாத துணி.

மழையில் மரம் ஊதி மிதிகள் இறுகும். அதற்கு மெழுகு தேய்த்தால் போதும். திருவொற்றியூர் பக்கம் உள்ள காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். அந்த நினைவில், தரையில் குழி தோண்டி அமைக்கும் குழித்தறிக்கு ஆசைப்படும் நண்பர்கள் உண்டு. தாழ்வான தெருவில் வீடு என்றால் வேண்டாம். மழைக்காலத்தில் குழிக்குள் நீர் ஊறும், சட்டத்தறியே சரி.