ட்ரைபாடா, நெல்லுப் பையா? கூந்தன்குளம் பக்கம் பறவை எடுப்பவர்களுக்கு

600 எம்எம் ஜூம் லென்ஸ் கைக்கு வந்ததும் அடுத்த கேள்வி, அதை எதன்மேல் வைப்பது என்பதுதான். ஜிம்பல் தலை (கனமான லென்ஸை எந்தப் பக்கமும் லேசாகத் திருப்ப விடும் தாங்கி) பூட்டிய ட்ரைபாடா, தானியம் அடைத்த பையா? இரண்டையும் வைத்து எடுத்துப் பார்த்துவிட்டு நான் பைக்கு வந்தவன். அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

விலையும் எடையும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஷார்ப்னஸிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நிற்கிற பறவைக்கு ஷட்டரை 1/1000 வினாடியோ அதைவிட வேகமாகவோ வைத்து, ஃபோகஸைக் கண்ணில் போட்டால் இரண்டிலுமே இறகு இறகாக விழும்.

என் முடிவைத் தீர்மானித்தது பின்னணி. நெல்லை மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தைச் சுற்றியுள்ள வயல்களில் நெடுங்கால் உள்ளான் நிற்கிறது என்று வையுங்கள். உங்களுக்கும் அதற்கும் 20 மீட்டர். அதன் உடம்பு தண்ணீரிலிருந்து 25 சென்டிமீட்டர் உயரத்தில். ட்ரைபாடை நிற்கிற வாக்கில் ஒன்றரை மீட்டர் உயர்த்தினால், லென்ஸின் பார்வை பறவையைத் தாண்டி 4 மீட்டரிலேயே தரையில் முட்டிவிடும். சேறும் நாற்றுத் தாளும் அரைகுறை மங்கலாகப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். தாழ்ந்த வரப்பில் பையைப் போட்டுப் படுத்து, லென்ஸைத் தண்ணீரிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு இறக்குங்கள். இப்போது அதே பார்வை 100 மீட்டர் தள்ளித்தான் தரையைத் தொடும். லென்ஸின் துளை அளவு எஃப் 6.3-லேயே, பின்னணி முன்னைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு கரைந்துபோகும். அதிக விலை லென்ஸ் வாங்கினால்தான் பின்னணி கரையும் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை படுத்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

ட்ரைபாடையும் கால் விரித்துத் தாழ்த்தலாமே என்பீர்கள். தாழ்த்தலாம். ஆனால் ஜிம்பல் தலையின் உயரமும் சேர்ந்து லென்ஸ் அரை மீட்டருக்கு வந்துவிடும். பின்னணி 20 மீட்டருக்குச் சுருங்கும். அதைவிடப் பெரிய சங்கடம், விரித்த மூன்று காலுக்கும் நம் ஊர் வரப்பில் இடம் கிடையாது. ஒரு கால் சேற்றில் இறங்கும். அந்தச் சேறு காலின் பூட்டுக்குள் ஏறினால் வீட்டுக்கு வந்து கழற்றிக் கழுவியாக வேண்டும்.

பைக்கு கெட்டியான ஜீன்ஸ் துணிதான் சரி. மெல்லிய துணியில் நெல்லின் சுணை குத்தும். நெல்லுக்குப் பதில் உமியை அடைத்தால், அது லேசாக இருப்பதால் லென்ஸ் ஆடும். முக்கால் பாகம் நெல் போட்டால் லென்ஸ் பள்ளம் பறித்து உட்காரும். நனைந்தால் அன்றைக்கே கொட்டிக் காயப்போட வேண்டும்; விட்டால் முளைகட்டிவிடும்.

வயல் இன்னொருவருடையது. “அண்ணாச்சி, கொஞ்ச நேரம் இங்க படுத்துக்கிடட்டுமா?” என்று முதலில் கேட்டுவிடுங்கள். கேட்காமல் படுத்தால், “என்ன தம்பி, மேலுக்கு முடியலையா?” என்று பதறி ஓடி வருவார்கள், பறவை பறந்துவிடும். படுக்குமுன் கம்பால் வரப்பைத் தட்டிக்கொள்வதும் அவசியம், பாம்பு கிடக்கும்.

வெளிச்சம் இரண்டுக்கும் பொது: காலை வெயில் நம் முதுகில் விழ வேண்டும், கொக்கு போன்ற வெள்ளைப் பறவைக்கு எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை, முக்கால் ஸ்டாப்பாவது குறைக்க வேண்டும். ஆனால் பைக்கு நேரம் குறைவு. வெயில் ஏறினால் தரையை ஒட்டிக் கானல் எழும்பி, எந்த லென்ஸானாலும் இறகைக் குழப்பிவிடும். கோடையில் ஒன்பது மணிக்கு மேல் நான் பையைச் சுருட்டிவிடுவேன்.

ட்ரைபாட் ஜெயிக்கிற இடமும் உண்டு. ஊருக்குள் மரங்களில் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரைகளுக்கு அண்ணாந்துதான் எடுக்க வேண்டும். அங்கே பை உதவாது. கூழைக்கடா கூட்டம் குளத்தின் மேல் வட்டமிடும்போது 1/2000 வைத்து, கை வலிக்காமல் கூடவே லென்ஸைத் திருப்ப ஜிம்பல்தான் சுகம். இதை இரவல் ட்ரைபாடில் எடுத்த அளவில்தான் சொல்கிறேன். பறக்கும் பறவையே குறி என்கிறவர்கள், நாள்தோறும் அதைத் தூக்கித் திரிகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.