ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எதைப் படிக்கலாம்: மாற்குவா, யோவானா?

இயேசுவின் பாடுகளை, அதாவது சிலுவைத் துன்பங்களை, மாற்கு நற்செய்தியின் 14, 15 அதிகாரங்களில் படித்தால் மனம் கனத்துப்போகும். சீடர்கள் ஓடிவிடுகிறார்கள், ஓர் இளைஞன் போர்த்தியிருந்த துணியைக்கூட விட்டுவிட்டு ஓடுகிறான். சிலுவையைச் சுமக்க, வழியில் வந்த சீமோன் என்பவரை வீரர்கள் பிடிக்கிறார்கள். கடைசியில் "ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்ற இயேசுவின் கதறல்.

யோவான் 18, 19-இல் இயேசு தளரவே இல்லை. சிலுவையைத் தானே சுமக்கிறார், ரோம ஆளுநர் பிலாத்துவிடம் நிமிர்ந்து பேசுகிறார், சிலுவையில் தொங்கியபடியே தாயைச் சீடரிடம் ஒப்படைக்கிறார். கத்தோலிக்கத் திருவழிபாட்டில் புனித வெள்ளிக்கு எப்போதும் யோவான்தான். மாற்குவின் முறை ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று, அதுவும் 3 ஆண்டுக்கு ஒருமுறை.

ஜெபமே வராமல் தவிப்பவருக்கு நான் மாற்குவைத்தான் சொல்வேன். கடவுளிடம் நாம் கேட்கக் கூசும் கேள்வியை இயேசுவே கேட்டுவிட்டாரே! யோவானின் கம்பீரம் அழகுதான், சரி. அதை அப்புறம் படிக்கலாம்.