பழைய ஸ்பீக்கருக்கும் ஆம்ப்புக்கும் எந்தக் கண்டன்சர்? குன்னூரிலிருந்து ஓர் ஒப்பீடு

போன ஐப்பசியில் மழை விடாமல் பிடித்திருந்த ஒரு மதியம். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் ஓர் ஆம்ப்ளிஃபயரையும் தார்ப்பாய் போர்த்தி, ஜீப்பில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது ஏலத்தில் எடுத்தாராம். பெட்டிகள் 1970களில் இங்கிலாந்தில் செய்தவை: கீழ் ஒலிக்கு எட்டு அங்குல ஊஃபர், மேல் ஒலிக்கு ஒரு டுவீட்டர், ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்க உள்ளே சின்ன கிராஸ்ஓவர் பலகை. ஆம்ப் நம் நாட்டுத் தயாரிப்பு, சேனலுக்கு 40 வாட்.

"தம்பி, எல்லாக் கண்டன்சரையும் பிடுங்கிப் போட்டுட்டு பாலிப்ரொப்பிலீன் மாட்டிட்டா புதுசு மாதிரி ஆயிடும்ங்கிறாங்க. மொத்தமா எவ்வளவு ஆகும்?" என்றார்.

மொத்தமாக மாற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை. கண்டன்சர் என்றால் மின்தேக்கி. பாலிப்ரொப்பிலீன் அதில் ஃபிலிம் வகை, அதாவது பிளாஸ்டிக் படலம் சுற்றியது; நல்ல பொருள்தான். ஆனால் ஒரு கண்டன்சர் எந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்காமல் எதையும் நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. அந்தப் பெட்டி இத்தனை வருடம் எந்த ஊரில் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஊர் ஏன் முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சருக்குள் அலுமினியத் தகடு, அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம், மின்பகு திரவத்தில் ஊறிய காகிதம், அவ்வளவுதான் இருக்கிறது. அடியில் உள்ள ரப்பர் மூடி வழியாக அந்தத் திரவம் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வறண்டுபோகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும், 10 டிகிரி குறைந்தால் இரட்டிப்பாகும் என்பது எல்லோரும் பயன்படுத்தும் கணக்கு. 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று குறித்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஆம்ப்பின் உள்சூடு 55 டிகிரி என்றால் அதற்கு 16,000 மணி நேரம் கிடைக்கும். குன்னூரில் 45 டிகிரி என்றால் 32,000. தினம் மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டால் அங்கே 14 வருடம், இங்கே 29 வருடம். மலைமேல் இருந்த செட்டுகளைத் திறந்தால், ஐம்பது வயதான பெரிய மெயின் கண்டன்சர் இன்னும் அளவு மாறாமல் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சூடு விட்டுவைத்ததை இங்கே ஈரம் பிடித்துக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ரெக்கார்டு உறையிலேயே பூஞ்சை பூக்கிற ஊர் இது. காகிதக் கண்டன்சர்கள், ஈயம் வைத்த முனைகள், ஸ்பீக்கர் பின்னால் உள்ள இணைப்பு முனைகள், வால்யூம் திருகும் பாட்டென்ஷியோமீட்டர் எல்லாம் முதலில் போகும். அதனால் இங்கே எதை மாற்றுவது என்ற பட்டியல் சமவெளியில் உள்ளவர் வைத்திருக்கும் பட்டியலாக இருக்காது.

சரி, ஸ்பீக்கரிலிருந்து தொடங்குகிறேன். நான்கு வழிகள் உண்டு: இருப்பதை அப்படியே விடலாம், புதிய பைபோலார் (பிளஸ், மைனஸ் பார்க்காத) எலக்ட்ரோலிட்டிக் போடலாம், பாலியெஸ்டர் ஃபிலிம் போடலாம், அல்லது பாலிப்ரொப்பிலீன் போடலாம்.

டுவீட்டருக்கு முன்னால் இருந்தது 4.7 மைக்ரோஃபாரட் பைபோலார். அதன் ஒரு முனைக் கம்பியைக் கழற்றி மீட்டரில் வைத்தேன். இடது பெட்டியில் 6.3, வலது பெட்டியில் 5.4. பழைய பைபோலார்கள் இப்படி மேல்நோக்கி நகர்வது சகஜம். இதனால் என்ன ஆகும்? டுவீட்டரை 8 ஓம் என்று வைத்துக்கொண்டால், 4.7 மைக்ரோஃபாரடில் பிரிவு அதிர்வெண் சுமார் 4230 ஹெர்ட்ஸ். 6.3 ஆனதும் அது 3160க்கு இறங்கிவிடுகிறது. சின்ன டுவீட்டர் தனக்கு ஒவ்வாத கீழ் ஒலியையும் சுமக்க வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய கோளாறு, இடதும் வலதும் ஒத்துப்போகாதது. பாடகர் நடுவில் நிற்காமல் சுருதிக்குச் சுருதி நகர்வதுபோல் கேட்கும். தம்புரா மட்டும் ஒலிக்கும் தொடக்க நொடிகளில் இது நன்றாகத் தெரிந்துவிடும். எனவே இந்த ஜோடியில் விட்டுவிடுவது என்ற முதல் வழி அடைபட்டுவிட்டது. இரண்டு பக்கமும் பத்து சதவீதத்துக்குள் ஒத்திருந்தால் நான் கைவைத்திருக்கவே மாட்டேன்.

இப்போது பைபோலாரா, பாலிப்ரொப்பிலீனா? இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சில வருடம் முன்பு என் சொந்தப் பெட்டிகளில் நானும் வழுக்கினேன். பிரிக்கும் பலகையில் இருந்த எல்லாவற்றையும் விலை உயர்ந்த பாலிப்ரொப்பிலீனாக மாற்றினேன். முதல் நாள் துல்லியம் என்று மகிழ்ந்தேன். ஒரு வாரத்தில் 'ஸ', 'ஷ' வருகிற இடமெல்லாம் காதைக் குத்தியது. ஊசி தேய்ந்துவிட்டது என்று நினைத்து ரெக்கார்டு பிளேயரின் ஊசியை மாற்றினேன். பிறகுதான் அளந்து பார்த்தேன்.

காரணம் இ.எஸ்.ஆர். எனப்படும் உள் தடை. எலக்ட்ரோலிட்டிக்கில் அது கணிசமாக இருக்கும், வயதானால் இன்னும் ஏறும். இந்த அண்ணனின் இடது கண்டன்சரில் 1.2 ஓம் காட்டியது. 8 ஓம் டுவீட்டருக்கு முன்னால் 1.2 ஓம் நின்றால் ஒலி சுமார் 1.2 டெசிபெல் குறையும். பாலிப்ரொப்பிலீனில் இந்தத் தடை இல்லை என்றே சொல்லலாம். மாற்றியதும் டுவீட்டர் அவ்வளவும் எழும்பிவிடும். கேட்கிறவர் அதைத் 'தெளிவு' என்று எடுத்துக்கொள்கிறார். பெட்டியை வடிவமைத்தவர் அந்தக் காலத்து எலக்ட்ரோலிட்டிக்கின் தடையையும் சேர்த்துத்தான் குரலைச் சமன் செய்திருப்பார். அந்தச் சமன் போய்விடுகிறது.

இதற்கு மருந்து எளிது. பாலிப்ரொப்பிலீன் போட்டால் அதனுடன் தொடராக 0.47 ஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதனால் அரை டெசிபெல் இறங்கும், புதிய எலக்ட்ரோலிட்டிக் இருந்தால் வரும் நிலைக்கு அருகில் வந்துவிடும். ரெசிஸ்டரின் விலை சில ரூபாய்தான். அதைச் சேர்க்காமல் பாலிப்ரொப்பிலீன் மோசம் என்றோ, பிரமாதம் என்றோ சொல்கிற கருத்துகளை நான் பொருட்படுத்துவதில்லை.

பாலியெஸ்டர் இரண்டுக்கும் நடுவில் உட்காரும். இழப்பு பாலிப்ரொப்பிலீனைவிட அதிகம், எலக்ட்ரோலிட்டிக்கைவிட வெகு குறைவு. அளவில் சிறியது, விலையும் நியாயம். பழைய பிரிட்டிஷ் பெட்டிகள் சிலவற்றில் முதலிலேயே இதுதான் இருந்திருக்கும். அப்படி இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். ஐம்பது வருடத்திலும் அது வறண்டுபோவதில்லை, ஏனென்றால் வறள்வதற்கு அதற்குள் திரவமே இல்லை.

ஊஃபருக்குக் குறுக்கே பூமிக்குப் போகிற கண்டன்சர் வேறு கதை. இந்தப் பெட்டிகளில் அது 22 மைக்ரோஃபாரட். அங்கே நல்ல பைபோலார்தான் என் தேர்வு, யோசிக்கவே வேண்டாம். 22 மைக்ரோஃபாரட் பாலிப்ரொப்பிலீன் ஒரு பேட்டரி செல் அளவுக்குப் பருமனாக இருக்கும், பழைய பலகையில் உட்காராது. தொங்கவிட்டால் ஊஃபரின் அதிர்வில் ஒருநாள் முனை ஒடியும். அந்த இடத்தில் இருக்கும் கொஞ்சம் உள் தடை சுற்றைத் தணித்துவைக்கவும் உதவுகிறது. முன்டார்ஃப், ஆல்கேப், நிச்சிகானின் பச்சை நிற மியூஸ் என்று பைபோலாரிலேயே தரமானவை கிடைக்கின்றன. பாலிப்ரொப்பிலீனில் யான்ட்ஸன், சோலென் போன்றவற்றின் சாதாரண வரிசையே தாராளம். அதே நிறுவனங்களின் பத்து மடங்கு விலை உள்ளவற்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டு வித்தியாசம் பிடிக்க என்னால் முடியவில்லை. அந்தப் பணத்துக்கு ஊஃபரின் பழுதான சரவுண்டை, அதாவது கூம்பைச் சுற்றியுள்ள ஓர வளையத்தை, மாற்றலாம்.

அடுத்து ஆம்ப். இங்கே ஃபிலிமா, எலக்ட்ரோலிட்டிக்கா என்ற சண்டைக்கு பாதி இடத்தில் வேலையே இல்லை. மின்சாரத்தைச் சீராக்கும் மெயின் கண்டன்சர் ஆயிரக்கணக்கான மைக்ரோஃபாரட் இருக்க வேண்டும், எலக்ட்ரோலிட்டிக் தவிர வேறு வழி கிடையாது. அங்கே போட்டி வேறு: அதே அளவா, பெரிய அளவா? 85 டிகிரியா, 105 டிகிரியா?

இந்த ஆம்ப்பில் இருந்தவை 4700 மைக்ரோஃபாரட், 40 வோல்ட், இரண்டு. ஹம் எனும் ரீங்காரம் வந்தால் 10,000 போட்டுவிடு என்பார்கள். நான் போடமாட்டேன். பெரிய கண்டன்சர் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்த நேரத்தில் அதிக மின்னோட்டத்தை உறிஞ்சும். ஸ்விட்ச் போடும் அந்த நொடியில் டயோடும் ஃப்யூஸும் அதைத் தாங்க வேண்டும், டிரான்ஸ்ஃபார்மரும் கூடுதலாகச் சூடாகும். பழைய அளவு, அதிகம் போனால் ஒன்றரை மடங்கு, போதும். 100 ஹெர்ட்ஸ் ஹம் பெரும்பாலும் அளவு போதாமல் வருவதில்லை, வறண்டுபோனதால் வருகிறது.

வோல்டேஜில்தான் கஞ்சத்தனம் கூடாது. இந்த ஆம்ப்பின் பின்னால் 220 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. எங்கள் தெருவில் இரவு பதினோரு மணிக்கு மேல் சப்ளை 250ஐத் தொடும். 220க்கு 35 வோல்ட் தரும் சப்ளை, 250க்கு கிட்டத்தட்ட 40 தரும். 40 வோல்ட் கண்டன்சர் விளிம்பில் நிற்கிறது. 50 அல்லது 63 வோல்ட் வாங்குவதுதான் சரி. இன்றைய 63 வோல்ட் கண்டன்சர் அன்றைய 40ஐவிடச் சிறியதாகவே இருக்கும், இடப் பிரச்சினை வராது.

வெப்பநிலை பற்றி மேலே போட்ட கணக்கின்படி குன்னூருக்கு 85 டிகிரி தாராளம். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்குக்கு ஒட்டினாற்போல் இருக்கிற சின்னவற்றுக்கு மட்டும் 105 போடுகிறேன். கண்ணூரில் செய்யும் கெல்ட்ரான் கண்டன்சர்களை மெயின் சப்ளைக்குத் தயங்காமல் போடுவேன். ஜப்பான் பெயர் பொறித்த சரக்கில்தான் கவனம் வேண்டும். ஒருமுறை கடைத்தெருவில் வாங்கிய ஒன்று சந்தேகமான எடையில் இருந்தது. வெட்டிப் பார்த்தால் பெரிய உறைக்குள் பாதி அளவுள்ள சின்னக் கண்டன்சர். அதற்கப்புறம் ரிச்சி தெருவோ, பெங்களூர் எஸ்.பி. ரோடோ, எங்கே வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் அளந்துவிட்டுத்தான் பற்றவைக்கிறேன்.

குளிரில் இன்னொன்றும் உண்டு. மார்கழி, தை மாதக் காலையில் பழைய ஆம்ப் முதல் பத்து நிமிடம் முனகிவிட்டுப் பிறகு தெளிந்தால், மின்பகு திரவம் குளிரில் தடித்து உள் தடை ஏறியிருக்கிறது என்று பொருள். புதியவற்றில் இது காதுக்குத் தெரியாது, வறண்டவற்றில் தெரியும். எனவே மாற்ற வேண்டியதைக் கண்டுபிடிக்க விலையில்லாத சோதனை, ஊட்டிக் குளிர்தான். காலையில் ஹீட்டர் போடுவதற்கு முன்னால் ஆம்ப்பைப் போட்டுக் கேளுங்கள்.

ஒலி கடந்துபோகும் கப்ளிங் கண்டன்சரில் ஃபிலிமுக்கு என் முழு ஓட்டு. 47 கிலோ ஓம் உள்ளீட்டுக்கு முன்னால் 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் வைத்திருந்தார்கள். அன்றைக்கு அதுதான் மலிவு. ஒரு மைக்ரோஃபாரட் ஃபிலிமே அங்கே 3.4 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். கனத்த குரல் பாடகர் எம். டி. ராமநாதனின் கீழ்ஸ்தாயிக்குக்கூட அதற்கு மேல் தேவையில்லை. பெட்டி வடிவ பாலியெஸ்டர் சின்னதாகப் பொருந்திவிடும். பருமனான பாலிப்ரொப்பிலீனை நீண்ட கால்களோடு நிறுத்தினால் அது ஹம்மைப் பிடிக்கும் ஏரியலாகிவிடும். எல்னா சில்மிக் மாதிரி, பட்டு இழை கலந்த காகிதம் வைத்துச் செய்யும் ஆடியோ வகைகளும் உண்டு. ஃபிலிம் உட்காராத இடத்தில் அவை நல்ல மாற்று. சின்ன செராமிக், மைக்கா இரண்டையும் சும்மா விடுங்கள்.

வால்வு செட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. அங்கே மெழுகு பூசிய காகிதக் கண்டன்சரை அளந்து பார்க்கத் தேவையில்லை, மாற்றிவிடுங்கள். மலை ஈரத்தைக் குடித்து அது கசிய ஆரம்பித்திருக்கும். 10 மெகா ஓம் கசிவு என்றால் மீட்டரில் 'நன்றாக' இருப்பதுபோல் தெரியும். ஆனால் 200 வோல்ட்டிலிருந்து 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டருக்கு அதன் வழியே கிட்டத்தட்ட 9 வோல்ட் வந்துவிடும். இஎல்84 வால்வின் தகடு சிவந்து எரியும், வால்வும் போகும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போகும். 630 வோல்ட் பாலியெஸ்டரோ, பாலிப்ரொப்பிலீனோ, எது போட்டாலும் சரி. சுவரிலிருந்து வரும் வீட்டு மின்சாரத்துக்குக் குறுக்கே இருக்கும் கண்டன்சருக்கு மட்டும் எக்ஸ்2 என்று குறித்ததைத்தான் போட வேண்டும். திறக்கும்முன் மெயின் கண்டன்சரை ரெசிஸ்டர் வைத்து வடியவிடுங்கள், ஸ்க்ரூடிரைவரால் அல்ல. மூடியபின் முதல்முறை மின்சாரத்தை தொடராக இணைத்த 60 வாட் இழை பல்பு வழியாகவே கொடுங்கள்.

அந்த அண்ணனின் ஜோடிக்குக் கடைசியில் போட்டது: டுவீட்டருக்கு 4.7 பாலிப்ரொப்பிலீனும் 0.47 ஓமும், ஊஃபருக்கு 22 பைபோலார், ஆம்ப்பில் இரண்டு மெயின் கண்டன்சர், ஆறு சின்ன எலக்ட்ரோலிட்டிக், இரண்டு பாலியெஸ்டர். அவர் மனதில் வைத்திருந்த தொகையில் கால்வாசிகூட ஆகவில்லை. மிச்சத்தில் பச்சை பிடித்திருந்த பின்முனைகள் நான்கையும் மாற்றினோம். கழற்றிய பழையவற்றை ஒரு கவரில் போட்டு, அளந்த எண்களையும் தேதியையும் பென்சிலால் எழுதி, இடது பெட்டியின் முதுகுப் பலகைக்கு உள்ளே ஒட்டிவிட்டேன்.