டென்ட்டை எங்கே அடிப்பது: நக்கிள்ஸா, அப்புத்தளையா?

மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து புறப்பட்டால், செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குள் திரும்பி மகா ஓயாவைத் தாண்டும்வரை வேனுக்குள் எல்லோரும் ஒரே கட்சி. பதியத்தலாவையில்தான் பாதை பிரிகிறது, எங்கள் வீட்டுச் சண்டையும் அங்கேதான் தொடங்கும். மஹியங்கனைப் பக்கம் போனால் பதினெட்டு வளைவு, அதற்கு மேலே நக்கிள்ஸ் மலைத்தொடர். மற்றப் பக்கம் பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, கடைசியில் அப்புத்தளை. இரண்டிலும் டென்ட் அடித்துப் படுத்தாயிற்று. இரண்டு முறையும் அதே கூட்டம்தான்: நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், மாமி.

வீதியிலிருந்து தொடங்குவோம். பதினெட்டு வளைவு பேரைக் கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் வீதியை அகலமாக்கிய பிறகு வேன் சிரமமில்லாமல் ஏறுகிறது. கஷ்டம் ஹுன்னஸ்கிரியவில் வீதியை விட்டு மீமுரே பக்கம் திரும்பும்போதுதான். எதிரே ஒரு வாகனம் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும். பசறைப் பாதை நீளமான வளைவுப் பாதை. 2021 மார்ச்சில் 13ஆம் கட்டையருகே பேருந்து பள்ளத்தில் விழுந்தது இந்தப் பாதையில்தான். பகலில் போங்கள், இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து வாருங்கள். கல்முனை, அக்கரைப்பற்றுக்காரருக்கு இந்தச் சண்டையே இல்லை. பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய வழியாக எல்ல ஏறி அப்புத்தளைக்குப் போய்விடலாம்.

வீதியைவிடப் பெரிய விஷயம் மாதம். படத்தைப் பார்த்து இடத்தைத் தெரிவு செய்கிறார்கள், காற்றைப் பார்ப்பதில்லை. நம்மூரில் கச்சான் என்று தென்மேற்குக் காற்று அனலாக அடிக்கிறதே, அது மலையின் மேற்குச் சரிவில் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கி வரும் காற்று. அதனால் ஆகஸ்டில் ஹட்டன் பக்கம் நனைந்தாலும் பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் பெரும்பாலும் காய்ந்திருக்கும். நக்கிள்ஸின் மேற்குப் பக்கம் கச்சானில் நனையும், கிழக்குப் பக்கம் வாடையில், அதாவது வடகிழக்குப் பருவக் காற்றில், நனையும். வாடை காலத்தில் இரண்டுமே வேண்டாம். அப்புத்தளைக்குக் கீழே கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண் சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடியதை மறக்க முடியாது.

ஆனால் காய்ந்த அப்புத்தளையிலும் காற்று சும்மா விடாது. எங்கள் டென்ட்டின் கம்பி இரவு பதினொரு மணிக்கு முறிந்தது. முளைகளை நான் நேராக அடித்திருந்தேன். வெளிப்பக்கம் சரித்து அடிக்க வேண்டும் என்று காலையில் ஒரு தோட்டத்துப் பெரியவர் சொல்லித்தான் தெரிந்தது. மிச்ச இரவு நாலு பேரும் வேனுக்குள், சுவிஸிலிருந்து வந்த மச்சான் விட்டுப்போன ஜக்கெட்டுகளுக்குள். மாமி மட்டும் பக்கத்து அறையில் நிம்மதியாகத் தூங்கினார். அப்புத்தளைக்கு நான் கூடுதல் புள்ளி கொடுப்பது இதற்காகத்தான். டென்ட் அடிக்க இடம் தருபவர்களிடமே ஓர் அறையும் சுடுதண்ணீரும் கிடைத்துவிடும். நக்கிள்ஸில் மாமி கேட்ட முதல் கேள்வி, "மருமகன், கக்கூசு எங்க இருக்கு?" என்னிடம் பதில் இல்லை.

நக்கிள்ஸை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த மலைக்காடுகளில் அதுவும் ஒன்று. இரவில் ஆற்றுச் சத்தம் தவிர வேறொன்றும் கேட்காது, போன் சிக்னலும் கிடையாது, எங்கள் மகன் முதன்முறையாக வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அடுத்த நாள் காலை அவன் காலுறையைக் கழற்றினால் உள்ளே மூன்று அட்டைகள், இரத்தம் குடித்துத் திராட்சை மாதிரி. சவர்க்காரமோ சித்தாலேபத் தைலமோ முதலே பூசியிருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட காடு என்பதால் கூடாரத்துக்கு வனத் திணைக்களத்தின் அனுமதியும் முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

ஹோட்டன் சமவெளியையும் யாராவது சொல்வார்கள். 2,100 மீற்றருக்கு மேலே, ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படியும் இடம். முதல் டென்ட்டுக்கு அது வேண்டாம். அப்புத்தளையில் தங்கி, விடியமுன் புறப்பட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சமையலில் இரண்டு இடமும் ஒன்றுதான். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதனால் பருப்பு வேகக் கூடுதல் நேரம் எடுக்கும். வீட்டிலேயே அவித்த பிட்டு, கருவாட்டுப் பொரியல், மாசிச் சம்பல், அதோடு தேநீருக்கு ஒரு கேஸ் குக்கர் போதும்.

ஆக, வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருந்தால், முதல் தடவை என்றால், அப்புத்தளை. பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டி, மாமியும் "நான் வரல்ல, நீங்க போய்ட்டு வாங்க" என்று சொன்னால், நக்கிள்ஸ்.

எந்தப் பக்கம் போனாலும் திரும்பி வரும்போது மகா ஓயா வெந்நீர்க் கிணறு வரும். இரண்டு நாள் குளிருக்குப் பயந்து குளிக்காமல் வந்தவர்களுக்கு அந்த முதல் வாளித் தண்ணீர் தனி சுகம். ஆனால் நாலரைக்கெல்லாம் வேனில் ஏறிவிடுங்கள், பொழுது பட்டால் அந்த வீதியில் யானை நிற்கும்.